மேசை மேலிருந்த செந்நிறக் கல்



எம் பங்கு இல்லத்துக்கு ஞானஸ்நானச் சான்றிதழ் வாங்கவோ திருமண ஓலை எழுதவோ வந்தவர்கள், என் மேசை மேல் ஒரு செந்நிறக் கல்லைக் கண்டிருப்பார்கள். உள்ளங்கையில் அடங்கும் அளவினது. ஒருபுறம் துருப்பிடித்த இரும்பின் நிறம். உடைந்த மறுபுறம் சாம்பல் நிறம். மின்விசிறிக் காற்றில் தாள்கள் பறந்துவிடாதபடி காத்தது அந்தக் கல்லே.

ஆஸ்திரேலியாவில் பொறியாளராகப் பணிபுரியும் எம் பங்கு இளைஞர் ஒருவர், 2018-ஆம் ஆண்டு கிறிஸ்மஸ் விடுமுறையில் ஊர் வந்தபோது அதை எனக்குத் தந்தார். "சாமி, உலகத்திலேயே பெரிய ஒற்றைப் பாறையிலிருந்து எடுத்து வந்தேன். உச்சிவரை ஏறினேன். இதைக் குடிலில் வையுங்கள்" என்றார். அன்பின் பரிசு, நானும் மகிழ்ந்து வாங்கிக் கொண்டேன். அந்த ஆண்டு குடிலில் இடையர்களின் காலடியில் இருந்தது. பிறகு கெபியின் அருகில் சில நாள். இறுதியில் மேசைக்கு வந்து சேர்ந்தது. அந்தக் கல் யாருடையது என்று அவரும் எண்ணவில்லை, நானும் எண்ணவில்லை.

அடிலெய்டு நகரில் வாழும் என் தமக்கை மகன், "மாமா, ஒருமுறையேனும் வந்து பாருங்கள்" என்று பல ஆண்டுகளாக அழைத்துக் கொண்டிருந்தான். 2024-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மேற்றிராணியாரின் அனுமதியுடன் மூன்று வார விடுப்பில் புறப்பட்டேன். அங்கே அது குளிர்காலம், பள்ளி விடுமுறையும்கூட. நாட்டின் நடுவிலுள்ள பெரும்பாறைக்குப் போவதென்று அவன் முன்னரே ஏற்பாடு செய்திருந்தான். போகுமிடத்தைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோதுதான் ஒரு செய்தி கண்ணில் பட்டது. அந்தப் பாறையிலிருந்து கல்லும் மணலும் எடுத்துச் சென்றவர்கள், உலகின் பல மூலைகளிலிருந்து அவற்றைப் பொதி கட்டி, மன்னிப்புக் கேட்டுக் கடிதமும் எழுதித் திருப்பி அனுப்புகிறார்களாம். அத்தகைய கற்களுக்கு அங்கே 'மன்னிப்புக் கற்கள்' என்றே பெயர் வழங்குகிறது. படித்துவிட்டு மேசையைப் பார்த்தேன். பாஸ்போர்ட்டோடு அந்தக் கல்லையும் பையில் வைத்துக் கொண்டேன்.

விமான நிலையத்தில் இறங்கியதும் தரும் சீட்டில், கல் கொண்டுவருவதை மறைக்காமல் குறித்தேன். அலுவலர் அதைப் புரட்டி, மண் ஒட்டியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். இந்தியாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு ஒருவர் கல் கொண்டுவருவது ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ!

ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகர்வரை விமானத்தில் சென்றோம். 1986-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள், திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அந்நாட்டின் முதற்குடி மக்களைச் சந்தித்து, அவர்தம் பண்பாடு அழிந்துபோக விடலாகாது என்று பேசிய இடம் இதுவே. அங்கிருந்து காரில் ஏறக்குறைய 450 கிலோமீட்டர். சிவந்த மணல், அதில் கொத்துக் கொத்தாய் முள்போன்ற புல், ஆங்காங்கே தலைவிரித்த பாலை ஓக்கு மரங்கள். பாலைவனம் என்றதும் நாம் மனத்தில் காண்பது வெறும் மணல்மேடு. இதுவோ பசுமை கலந்த பாலை. வழியில் இடப்புறம் தட்டையான உச்சியுடைய ஒரு குன்று எழுந்ததும், காரின் பின்னிருக்கையில் இருந்த என் பேரப்பிள்ளை, பத்து வயதுச் சிறுவன், "அதோ வந்துவிட்டது!" என்று கூவினான். மருமகன் சிரித்தான். அது கானர் மலையாம். முதன்முறை வருவோர் பலரும் அங்கே ஏமாறுவதுண்டாம். நானும் ஏமாந்தேன் என்பதை அவனிடம் சொல்லவில்லை.

உண்மையான பாறை தெரிந்தபோது யாரும் கூவவில்லை. சமதரையிலிருந்து 348 மீட்டர் உயரம், சுற்றளவு 9.4 கிலோமீட்டர். எண்கள் உதவவில்லை. பக்கத்தில் ஒப்பிட வேறு மலை இல்லாததால் அதன் பெருமையை அளக்கக் கண்ணுக்குக் கோல் கிடைப்பதில்லை. அது தனியே கிடக்கும் ஒரு பெரிய கல்லும் அன்று. நிலத்தடியில் ஆழப் புதைந்து கிடக்கும் பாறைப் படிவின் வெளித்தெரியும் முனையே நாம் காண்பது. 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் மலைகளிலிருந்து அடித்து வரப்பட்ட வண்டல் படிந்து, இறுகி, பின்னர் புவியின் அழுத்தத்தால் அந்தப் படுகைகள் செங்குத்தாக நிமிர்ந்தனவாம். பாறையின் மேனியில் ஓடும் வரிகள் எல்லாம் அந்தப் படுகைகளே. உள்ளே அதன் இயல்பான நிறம் சாம்பல். காற்றும் ஈரமும் பட்டு, அதிலுள்ள இரும்பு துருப்பிடிப்பதால் வெளியே செந்நிறம். என் பையிலிருந்த கல்லின் இரண்டு நிறத்துக்கும் அப்போதுதான் பொருள் விளங்கிற்று.

1873-ஆம் ஆண்டு வில்லியம் காஸ் என்ற நில அளவையாளர் இதைக் கண்டு, தென் ஆஸ்திரேலியாவின் தலைமைச் செயலராயிருந்த சர் ஹென்றி ஏயர்ஸ் என்பவரின் பெயரைச் சூட்டினார். அதனால் ஏயர்ஸ் பாறை என்றே நெடுங்காலம் பாடநூல்களிலும் வழங்கிற்று. ஆனால் அங்கே வாழ்ந்த மக்களுக்கு அது என்றும் உலுரு. இப்பெயரின் கடைசி எழுத்தை அவர்கள் நாவை வளைத்து, ஏறக்குறைய நம் ழகரம் போலவே ஒலிக்கிறார்கள். அவர்கள் தங்களைக் குறிக்கும் சொல்லிலும் நம் ணகரம் வருகிறது. தமிழில் எழுதினால் 'அணங்கு' என்றே எழுத வேண்டும். அவர்கள் மொழியில் அதற்குப் பொருள் 'மனிதர்'. நம் பழந்தமிழில் அச்சம் தரும் தெய்வ ஆற்றலைக் குறிக்கும் சொல்லோடு ஒலி ஒத்துப்போவது வெறும் தற்செயலே. திராவிட மொழிகளுக்கும் ஆஸ்திரேலிய மொழிகளுக்கும் உள்ள சில ஒற்றுமைகளைக் கால்டுவெல் அவர்கள் தம் ஒப்பிலக்கண நூலில் சுட்டியதுண்டு. இன்றைய மொழியறிஞர் அதை உறவாகக் கொள்வதில்லை. ஆயினும் அயல்நாட்டுப் பாலையில் ழகரம் கேட்ட காது சும்மா இருக்குமா?

மறுநாள் விடியலில் குளிர் எலும்பைத் துளைத்தது. பூங்காவின் நுழைவுச் சீட்டு மூன்று நாள் செல்லும், சிறுவர்க்குக் கட்டணமில்லை. கட்டணத்தில் ஒரு பகுதி நிலத்தின் உரிமையாளராகிய அம்மக்களுக்குச் சேர்கிறது. மாலா நடைவழி என்னும் பாதையில் வனக் காவலர் ஒருவர் பயணிகளை இலவசமாக அழைத்துச் சென்று விளக்கம் கூறினார். மாலா என்பது முயலளவே உள்ள சிறு கங்காரு இனம். மாலா மூதாதையர் இங்கே தம் சடங்கைத் தொடங்கியிருந்த வேளையில், மேற்கேயிருந்து வந்த அழைப்பொன்றை ஏற்க மறுத்தனர். தொடங்கிய சடங்கை நடுவில் நிறுத்தலாகாது என்பது அவர்கள் மரபு. சினங்கொண்ட மேற்கத்தியர் குர்ப்பனி என்னும் கொடிய நாய் வடிவை ஏவினர். மீன்கொத்திப் பெண் எச்சரித்தும் கேளாமல் பலர் மாண்டனர். எஞ்சியோர் தெற்கே ஓடினர். பாறையிலுள்ள குழிகளும் பிளவுகளும் அக்கதையின் சுவடுகள். இந்தக் கதையில் வரும் அச்சிறு விலங்கும் அப்பகுதியிலிருந்து அற்றுப்போயிருந்தது. 2005-ஆம் ஆண்டு வேலியிட்ட காப்பிடம் ஒன்றில் மீண்டும் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள்.

கேட்டு முடித்தபோது, இன்னும் ஏதோ இருக்கிறது என்று தோன்றிற்று. இருக்கத்தான் இருக்கிறது. பயணிகளாகிய நமக்குச் சொல்லப்படுவது கதையின் மேல்தோல் மட்டுமே. ஆழ்ந்த பொருள், வயதுக்கும் நிலைக்கும் ஏற்ப, ஆண்களுக்கு ஆண்களும் பெண்களுக்குப் பெண்களுமாகப் படிப்படியே கற்பிக்கப்படுகிறது. ஆண்களுக்குரிய இடங்களும் பெண்களுக்குரிய இடங்களும் பாறையடியில் தனித்தனியே உள்ளன. அத்தகைய இடங்களின் முன் படம் எடுக்க வேண்டாம் என்ற அறிவிப்பு வைத்திருக்கிறார்கள். அந்தப் பாறையின் வடிவங்களே தங்களுக்குத் திருநூல் போன்றவை என்றும், அவற்றை அந்த இடத்தில் வைத்தே காணவேண்டும் என்றும் அதற்குக் காரணம் கூறப்படுகிறது. மருமகனின் மனைவி கையிலிருந்த போனைச் சட்டென்று தாழ்த்திக் கொண்டாள். எங்களுக்கு முன்னே நடந்த ஒருவர் மட்டும் அறிவிப்புப் பலகையையே படம் எடுத்துவிட்டு, அதன் பின்னாலிருந்த குகையையும் சேர்த்தே எடுத்துக் கொண்டார். நம் கோவில்களிலும் எழுந்தேற்ற வேளையில் பீடத்தருகே காமிராவோடு ஏறி நிற்பவர்களைக் கண்டு மனம் வெதும்பியவன் நான். அவரைக் கண்டிக்க எனக்கு உரிமையில்லை; என் பையில் கல் இருந்தது.

நடைவழி தொடங்குமிடத்தில் பாறையின் மேல் வெளிறிய கோடு ஒன்று உச்சி நோக்கி நீண்டு கிடக்கிறது. பல்லாயிரம் கால்கள் தேய்த்த தடம். 1964-ஆம் ஆண்டு அங்கே பற்றி ஏறச் சங்கிலி அமைத்தார்கள். அச்சங்கிலி இன்று இல்லை. "ஏன் தாத்தா ஏறக் கூடாது? அப்பா முன்னே ஏறியிருக்கிறாராம்" என்றான் சிறுவன். மருமகன் வேறெங்கோ பார்த்தான்.

பள்ளிக்கூடத்தில் ஞானோபதேசம் நடத்திய பழக்கத்தில் உடனே விடை சொன்னேன்: "நம் கோவில் பீடத்தின் மேல் யாராவது ஏறி விளையாடினால் நமக்குப் பொறுக்குமா?" தலையை ஆட்டினான். ஆனால் அவனுக்கு மனநிறைவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. உண்மையில் எனக்கும் இல்லை. அம்மக்களின் கருத்தை நம் அளவுகோலால் அளந்து கொடுத்துவிட்டேனோ என்ற ஐயம்.

நிறைவான விடை, பாறையின் அருகிலுள்ள பண்பாட்டு மையத்தில் கிடைத்தது. ஏறும் வழி மாலா மூதாதையர் சென்ற வழி என்பது ஒரு காரணம். அதனோடு இன்னொன்றும் உண்டு. தம் நிலத்துக்கு வந்தவர் எவராயினும் அவருக்குத் தாமே பொறுப்பு என்பது அணங்கு மக்களின் அறம். ஏறும்போது தவறி விழுந்தும் இதயம் நின்றும் 35-க்கும் மேற்பட்டோர் மாண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அந்தப் பயணியின் பெயர்கூட அறியாத அம்மக்கள் துயர் காத்திருக்கிறார்கள். சிறுவனிடம் திரும்பி, "நம் வீட்டுக்கு விருந்துக்கு வந்த பிள்ளை, எட்டிப் பார்க்காதே என்று சொல்லியும் கேளாமல், நம் கிணற்றில் விழுந்துவிட்டால் ஆச்சி எப்படி இருப்பாள்?" என்றேன். ஊரில் என் தமக்கை வீட்டுக் கிணற்றை அவன் கண்டிருக்கிறான். "அழுவாங்க. அப்புறம் சாப்பிடவே மாட்டாங்க" என்றான். பிறகு அவன் ஏறுவதைப் பற்றிப் பேசவில்லை.

அந்த வேண்டுகோள் நிறைவேற எத்தனை காலம் ஆயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். முதற்குடியினர்க்கென ஒதுக்கப்பட்டிருந்த நிலத்திலிருந்து 1958-ஆம் ஆண்டு சுற்றுலாவுக்காகவே இந்தப் பகுதியைப் பிரித்தெடுத்தார்கள். 1985-ஆம் ஆண்டு அக்டோபர் 26-ஆம் நாள் கவர்னர் ஜெனரல் சர் நினியன் ஸ்டீபன் உரிமைப் பத்திரத்தை அம்மக்களிடம் திருப்பிக் கொடுத்தார். கொடுத்த அன்றே 99 ஆண்டுக் குத்தகைக்கு அரசு அதைத் திரும்பப் பெற்றுக் கொண்டது. பாறை ஏறுவதை நிறுத்துவதாக முன்னர் அரசு தந்திருந்த வாக்கும் காற்றில் போயிற்று. அதன்பின் அவர்கள் செய்தது ஒன்றே: வருவோரிடம் 'ஏறாதீர்கள்' என்று கேட்டுக் கொண்டே இருந்தார்கள். தடுக்கவில்லை, கேட்டார்கள். ஏறுவோர் தொகை ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே குறைந்தால் வழியை மூடலாம் என்று 2010-ஆம் ஆண்டுத் திட்டம் கூறிற்று. குறைந்தது. 2017-ஆம் ஆண்டு நவம்பரில் பூங்கா ஆட்சிக்குழு ஒருமனதாய் முடிவெடுத்தது. 2019-ஆம் ஆண்டு அக்டோபர் 26 முதல் ஏறும் வழி மூடப்பட்டது. மூடுவதற்கு முந்தின வாரங்களில், இனிக் கிடைக்காதே என்று ஏறுவதற்கு நீண்ட வரிசை நின்றதாம். மனிதர் இயல்பு எங்கும் ஒன்றுதான் போலும். வரிசையாய் ஏறுவோரை அம்மக்கள் 'மிங்கா' என்பார்கள்; எறும்பு என்று பொருள்.

ஏறாததால் இழந்தது ஒன்றுமில்லை என்று நான் கூறமாட்டேன்; உச்சியிலிருந்து காணும் காட்சி அரியதாகவே இருக்கும். ஆனால் அடிவாரத்தைச் சுற்றி வர ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நடந்தால், தொலைவில் வழுவழுப்பாய்த் தெரிந்த பாறையில் குகைகளும், ஓவியங்களும், நீரோடிய கருந்தடங்களும் ஒவ்வொன்றாய் வெளிப்படுகின்றன. முட்டிஜுலு சுனையருகே குனியா என்னும் மலைப்பாம்புப் பெண், தன் உறவு இளைஞனைக் கொன்ற நச்சுப் பாம்பாகிய லிருவோடு பொருத கதை பாறையில் எழுதப்பட்டதுபோல் இருக்கிறது. சுனையில் நீர் இருந்தது. பாலையின் நடுவே நீருக்கருகில் மனிதர் எத்தனை மெல்லப் பேசுகிறார்கள்! மேற்கே ஏறக்குறைய 50 கிலோமீட்டர் காரில் சென்றால் கட்டா ஜுட்டா. 36 குவிமாடங்கள் ஒன்றையொன்று நெருங்கி நிற்கின்றன. அவற்றுள் உயர்ந்தது உலுருவைவிட ஏறக்குறைய 200 மீட்டர் உயரம் மிக்கது. வெப்பம் 36 பாகையை எட்டுமென்று அறிவிப்பு வந்தால், காற்றுகளின் பள்ளத்தாக்கு என்ற நடைவழியைப் பகல் 11 மணிக்கே அடைத்துவிடுவார்கள். ஆகவே அங்கே போக விரும்பும் பெற்றோர்கள் மே முதல் ஆகஸ்டு வரை போவதே நன்று. கட்டா ஜுட்டாவின் கதைகளை வெளியார்க்கு அம்மக்கள் சொல்வதில்லை. பார்க்கலாம், நடக்கலாம், கேட்க ஒன்றுமில்லை. அதுவும் எனக்குப் பிடித்தது.

அன்று இரவு உணவின்போது மருமகன், முந்திய ஆண்டில் அவர்கள் வடக்கே கக்காடு பூங்காவுக்குச் சென்றதைக் கூறினான். அங்கே உபிர் என்னும் இடத்துப் பாறை ஓவியங்களைத் தாராளமாய்க் காட்டுகிறார்கள், படமும் எடுக்கலாம். மீனின் உள்ளெலும்புகளும் தெரியுமாறு வரைந்த ஓவியங்கள் உண்டு. அந்நிலப்பரப்பில் ஈராயிரம் ஆண்டுகளுக்கும் முன்னரே அற்றுப்போன வரிப்புலி போன்ற விலங்கும் வரையப்பட்டிருக்கிறது. அங்கே மூட்டுகள் வீங்கிய ஒரு மனித உருவமும் இருப்பதாகச் சொன்னான். குறித்த ஓரிடத்துக் கற்களைக் கலைத்தால் அந்நோய் வரும் என்று எச்சரிக்கும் படமாம். சொல்லிவிட்டு என் பையைப் பார்த்தான். "எனக்கு மூட்டுவலி 2015 முதலே உண்டு. கல் வந்தது 2018-இல்" என்றேன். எல்லாரும் சிரித்தோம்.

கல்லைத் திருப்பி அனுப்புவோரின் கடிதங்கள் பலவற்றில், எடுத்துச் சென்றபின் நோய் வந்தது, வேலை போயிற்று என்ற முறையீடுகள் உண்டாம். சாபம் என்று எண்ணி அனுப்புகிறவர்களைப் பற்றி எனக்குப் பெரிய மதிப்பில்லை. ஒன்றும் நேராமலே, எடுத்தது தவறு என்று மட்டும் எழுதி அனுப்பியவர்களும் உண்டு.

மூன்றாம் நாள் காலை கல்லோடு பண்பாட்டு மையத்துக்குப் போனேன். முகப்பிலிருந்த பெண்மணிக்கு இது புதிதன்று. கல்லை இரு கையாலும் வாங்கி, "இதைப் பாறையின் எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தீர்கள்?" என்று கேட்டார்.

நான் இதை எதிர்பார்க்கவில்லை. மன்னிப்புக் கேட்கும் சொற்களையெல்லாம் ஆங்கிலத்தில் இரவே கோத்து வைத்திருந்தேன். இடம் மட்டும் தெரியாது. அவர் பொறுமையோடு விளக்கினார். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒவ்வொரு கதை. ஆண்களின் இடத்துக் கல்லைப் பெண்களின் இடத்தில் போட முடியாது. இடம் தெரியாத கற்களைத் தனியே வைத்திருக்கிறார்கள். நாடு கடந்து போய் வந்த கல்லில் வேற்று நிலத்தின் கிருமியும் விதையும் இருக்கக்கூடும் என்பது வேறொரு கவலை. என் பெயரையும் நாளையும் எழுதிக் கொண்டார். இடம் என்ற கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை.

ஊர் திரும்பியதும் அந்த இளைஞருக்குப் போன் செய்தேன். வருந்துவாரோ என்று தயங்கித்தான் சொன்னேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "நினைவில்லையே சாமி. சங்கிலிக்குப் பக்கத்தில் என்று நினைக்கிறேன். இல்லை, சுனைப் பக்கமாகவும் இருக்கலாம்" என்றார். ஒரு வாரம் கழித்து, பழைய போனில் தேடி ஒரு படத்தை அனுப்பி வைத்தார். அவர் சிரித்துக் கொண்டு கையில் கல்லை உயர்த்திப் பிடித்திருக்கிறார். பின்னால் பாறையில் நீரோடிய இரண்டு கருந்தடங்களும் ஒரு குகை வாயும் தெரிகின்றன. அந்தக் குகை, படம் எடுக்கக் கூடாத இடங்களுள் ஒன்றோ என்ற அச்சத்தோடு அதை வேறெவர்க்கும் காட்டாமல், கல்லை ஒப்படைத்த நாளையும் குறித்து, மையத்தின் முகவரிக்கு அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.